ஆசியாவின் முதல் கோல் கீப்பர் தங்கராஜ்! அடுத்த தங்கராஜ் எங்கே?

கால்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு 11 பேர். 10 பேர் ஓடுவார்கள். ஒருவர் நிற்பார். அவர்தான் கோல் கீப்பர்.

முன்னால் ஆடுகிறவர் 5 முறை குறி தவறலாம். 6-வது முறை கோல் போட்டால் போதும். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல் கீப்பர் கதை வேறு. 5 முறை பந்தைப் பிடித்து, 6-வது முறை விட்டுவிட்டால் போதும். தோல்விப் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழும்.

இந்தப் பொல்லாத வேலையை 16 ஆண்டுகள் பார்த்தவர் ஒரு தமிழர். ஆசியாவிலேயே சிறந்த கோல் கீப்பர் என்று 1958-ம் ஆண்டு பெயர் வாங்கியவர். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ்.

அவர் கதையை இப்போது நினைத்துப் பார்க்கக் காரணம் உண்டு.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி கோவாவில் உள்ள மட்காவ் நகரில் ஓர் ஆட்டம் நடந்தது. இந்தியாவும் சிங்கப்பூரும் மோதின. இந்தியா முதலில் கோல் போட்டது. ஆனால் சிங்கப்பூர் 2 கோல் போட்டு வென்றுவிட்டது. அந்தத் தோல்வியால் 2027-ம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பை இந்தியா இழந்தது.

இதே இந்தியாதான் 1962-ம் ஆண்டு ஆசியாவுக்கே முதலாக நின்றது. தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தத் தங்கத்தைக் காத்த கைகள் தங்கராஜின் கைகள்.

அன்று இருந்தது என்ன? இன்று இல்லாதது என்ன?

பந்து சோறு போடுமா?

சேலம் மாவட்டத்தில் ஏற்காடு மலை இருக்கிறது. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் நிறைந்த சேர்வராயன் மலை அது. மஞ்சக்குட்டை அங்கே உள்ள ஓர் ஊராட்சி. மலை ஊர்களில் சமதரை குறைவு. பந்தைச் சற்றுப் பலமாக உதைத்தால் சரிவில் உருண்டு ஓடிவிடும். பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே மதிப்பு.

அப்படி ஓர் ஊரில் ஒரு பையன் நெட்டையாக வளர்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தைத் தாவிப் பிடிக்கிறான். விழுந்தாலும் அழுவதில்லை. எழுந்து மறுபடியும் நிற்கிறான். ஆசிரியர் அவன் வீட்டுக்கு வந்து, "பையனைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்கிறார்.

பெற்றோர் என்ன கேட்பார்கள்? "பந்து சோறு போடுமா?" என்றுதான் கேட்பார்கள்.

இது தப்பான கேள்வி அல்ல. தோட்டத்துக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? பெற்ற பிள்ளையின் 10 ஆண்டை ஒரு பந்தை நம்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா?

தங்கராஜின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்கிறது. பாதி நல்ல பதில். பாதி வருத்தமான பதில்.

பட்டாளம் வளர்த்த பிள்ளை

தங்கராஜ் 1935-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். ஐதராபாத்தும் அதை ஒட்டிய செகந்திராபாத்தும் அந்தக் காலத்தில் கால்பந்துக்குப் பேர் போன ஊர்கள். தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிறைய இருந்தன. இந்தியாவுக்காக ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தில் பிறந்த தமிழர்தான்.

தங்கராஜ் முதலில் செகந்திராபாத்தில் சிறு சங்கங்களுக்காக ஆடினார். அப்போது அவர் கோல் கீப்பர் அல்ல. முன்னால் நின்று கோல் அடிக்கிறவர். பிறகுதான் கோல் கம்பத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

1953-ம் ஆண்டு அவர் ராணுவத்தில் சேர்ந்தார். மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தின் அணியில் இடம் கிடைத்தது. அந்த மையம் இருப்பதும் ஒரு மலையில்தான். நீலகிரியில் உள்ள வெலிங்டனில்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஏழைப் பையன் ஒருவன் ஆட்டக்காரன் ஆக மூன்று தேவை. ஒன்று, வயிறு நிறையச் சாப்பாடு. இரண்டு, தினமும் பயிற்சி. மூன்று, மாதம் பிறந்தால் வீட்டுக்கு அனுப்பச் சம்பளம். பட்டாளம் இந்த மூன்றையும் கொடுத்தது. "நாளைக்கு என்ன ஆவோம்?" என்ற பயம் இல்லாமல் பந்தைப் பிடிக்க முடிந்தது.

பலன் உடனே தெரிந்தது. அப்போது டெல்லியில் நடந்த டுராண்ட் கோப்பை நாட்டிலேயே பழமையான கால்பந்துக் கோப்பை. அதை மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955-ம் ஆண்டு வென்றது. 1958-ம் ஆண்டு மறுபடியும் வென்றது. கல்கத்தாவின் பெரிய சங்கங்கள் எல்லாம் ஆடும் கோப்பை அது. அதைத் தென்னாட்டுப் பட்டாளத்துக்காரர்கள் இரண்டு முறை தூக்கி வந்தார்கள்.

1955-ம் ஆண்டிலேயே தங்கராஜ் இந்திய அணிக்கும் வந்துவிட்டார். 1956-ம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியில் அவரும் ஒருவர். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அவ்வளவு உயரம் போனதில்லை.

ரோமில் நின்ற மதில்

கோல் கம்பத்தின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. இவ்வளவு பெரிய வாசலை ஓர் ஆள் காக்க வேண்டும். தங்கராஜ் 6 அடிக்கு மேல் உயரம். கையைத் தூக்கினால் மேல் கம்பத்தைத் தொட்டுவிடுவார்.

இன்றைய கோல் கீப்பர்கள் கனமான ரப்பர் கையுறை போடுகிறார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலோருக்கு வெறும் கைதான். பந்தோ தோல் பந்து. மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும்.

1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக். இந்தியாவுக்குக் கிடைத்த எதிரிகள் ஹங்கேரி, பிரான்சு, பெரு. ஹங்கேரி அன்று உலகின் பெரிய அணிகளில் ஒன்று. "இந்தியா 7, 8 கோல் வாங்கும்" என்று யார் நினைத்திருந்தாலும் அதில் வியப்பு இல்லை.

நடந்தது என்ன? ஹங்கேரி 2 கோல் போட்டது. இந்தியா ஒரு கோல் திருப்பிக் கொடுத்தது. பிரான்சுடன் ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. பெருவிடம் 3-1 என்று தோற்றது. பெருவுக்கு எதிராக அந்த ஒரு கோலைப் போட்டவரும் ஒரு தமிழர். 

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுதான். அதன் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்திய அணி போகவே இல்லை. ஒரு தமிழர் கோல் போட, இன்னொரு தமிழர் கோல் காக்க, அந்த அத்தியாயம் முடிந்தது.

காய்ச்சலில் எழுந்தவர்

1962-ம் ஆண்டு ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம். ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்த நேரம்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என்று இந்தியாவை வென்றது. பிறகு இந்தியா எழுந்தது. தாய்லாந்தை வென்றது. ஜப்பானை வென்றது. அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரி யார்? மறுபடியும் தென்கொரியாதான்!

தங்கராஜை ஃபுளூ காய்ச்சல் படுக்கையில் தள்ளியிருந்தது. அரை இறுதியில் கோல் காத்தவர் வங்காளத்துப் பிரத்யுத் பர்மன். ஆனால் இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ் வேண்டும் என்று ரகீம் முடிவு செய்தார். உயரமாக வரும் பந்தைப் பறிக்க உயரமான ஆள் தேவை என்பது அவர் கணக்கு. காய்ச்சலில் இருந்து எழுந்தவரை நம்பினார். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னையில் சிங்கையும் நம்பினார். பின்னால் நின்று தடுக்கும் அவரை முன்னால் நிறுத்திக் கோல் போடச் சொன்னார்.

செப்டம்பர் 4-ந் தேதி ஆட்டம். சுமார் ஒரு லட்சம் பேர் கூட்டம். கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. காரணம் அரசியல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அந்தப் போட்டிக்குள் விடவில்லை. "அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று அழைக்கக் கூடாது" என்ற வாதத்தை இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி எழுப்பினார். அந்தக் கோபம் ஆட்டக்காரர்கள் மேல் திரும்பியது.

17-வது நிமிடம் பி.கே.பானர்ஜி ஒரு கோல் போட்டார். 20-வது நிமிடம் ஜர்னையில் சிங் ஒரு கோல் போட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியாவுக்குக் கோல் இல்லை. 85-வது நிமிடத்தில்தான் ஒன்று போட முடிந்தது. முடிவு 2-1. தங்கம் இந்தியாவுக்கு!

கோல் போட்ட இருவர் பெயரும் வரலாற்றில் ஏறியது. அது நியாயமே. ஆனால் கடைசி 5 நிமிடத்தில் இன்னொரு கோல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விழாத கோலுக்குக் கணக்கு எழுதுவார் யாரும் இல்லை. கோல் கீப்பரின் உழைப்பு அந்த எழுதாத கணக்கில் இருக்கிறது.

ரகீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இறந்தார். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதன் பிறகு தங்கம் வாங்கவில்லை.

பொக்காரோவில் முடிந்த பயணம்

ராணுவத்தை விட்ட பிறகு தங்கராஜ் கல்கத்தாவுக்குப் போனார். முகமதன் ஸ்போர்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களுக்கும் ஆடினார். ஒரு சங்கத்தின் ரசிகர் இன்னொரு சங்கத்தின் ஆட்டக்காரரைக் கண்டால் முகம் திருப்பும் ஊர் அது. அந்த ஊரில் மூன்று சங்கங்களும் அவரை விரும்பி அழைத்தன.

1964-ம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா 2-வது இடம் பெற்றபோது கோல் காத்தவரும் அவர்தான். ஆசிய நட்சத்திர அணிக்கு இரண்டு முறை தேர்வானார். 1967-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. இந்தியக் கோல் கீப்பர்களில் அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர். 1970-களின் தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்தினார்.

பிறகு பயிற்சியாளர் ஆனார். கடைசிக் காலம் பொக்காரோவில் கழிந்தது. ஜார்கண்ட் மாநிலத்தில் உள்ள உருக்காலை நகரம் அது. 2008-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி அங்கேயே இறந்தார். அப்போது வயது 72.

2024-ம் ஆண்டு ரகீமின் வாழ்க்கையை வைத்து 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் தங்கராஜும் ஒரு பாத்திரம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பல இளைஞர்கள் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்டார்கள். ஆசியாவின் முதல் கோல் கீப்பரை அடையாளம் காட்ட ஒரு சினிமா வரவேண்டியிருந்தது.

ஜெர்மனி செய்தது என்ன?

ஓய்வு பெற்ற கோல் கீப்பரை வைத்து ஒரு நாடு என்ன செய்யலாம்? ஜெர்மனியைப் பார்த்தால் தெரியும்.

செப் மேயர் என்று ஒருவர். மேற்கு ஜெர்மனி 1974-ம் ஆண்டு உலகக் கோப்பையை வென்றபோது கோல் காத்தவர். பயர்ன் மியூனிக் சங்கத்துக்காக 1966-ம் ஆண்டு முதல் 1979-ம் ஆண்டு வரை 442 லீக் ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஆடினார். இடையில் ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை. பெரிய கையுறை போடும் வழக்கம் பரவியதற்கு அவரும் ஒரு காரணம்.

1979-ம் ஆண்டு ஒரு கார் விபத்தில் அவருக்குப் பலத்த காயம். ஆட்டம் அதோடு முடிந்தது. ஆனால் அவர் கற்ற தொழில் முடியவில்லை. 2004-ம் ஆண்டு வரை பல ஆண்டுகள் ஜெர்மன் தேசிய அணியின் கோல் கீப்பர்களுக்கு அவரே பயிற்சி கொடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ஆலிவர் கான். 2002-ம் ஆண்டு உலகக் கோப்பையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைக் கான் வாங்கினார். ஒரு கோல் கீப்பர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

அந்தக் கானுக்கும் கோல் கீப்பரின் தலைவிதி உண்டு. அதே ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவர் கையில் இருந்து ஒரு பந்து நழுவியது. பிரேசிலின் ரொனால்டோ அதைக் கோல் ஆக்கினார். ஜெர்மனி தோற்றது.

மேயருக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஆந்திரியாஸ் கோப்கே. இவரும் பழைய கோல் கீப்பர். 1996-ம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனி வென்றபோது கோல் காத்தவர். 2004-ம் ஆண்டு முதல் 2021-ம் ஆண்டு வரை அவர் பயிற்சி கொடுத்தார். அந்தக் காலத்தில்தான், 2014-ம் ஆண்டு, ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. சிறந்த கோல் கீப்பர் விருது மானுவேல் நாயருக்குக் கிடைத்தது.

தச்சர் மகனுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பது போல, கோல் காக்கும் தொழிலை அங்கே ஒருவர் அடுத்தவர் கையில் கொடுத்தார். இடையில் சங்கிலி அறுந்து போகவில்லை.

இந்தியாவிலும் திறமைக்குப் பஞ்சம் இல்லை. 2011-ம் ஆண்டு ஆசியக் கோப்பையில் சுப்ரதா பால் தென்கொரியாவின் பந்துகளைத் தடுத்த விதத்தை வெளிநாட்டுக்காரர்களும் புகழ்ந்தார்கள். 2016-ம் ஆண்டு குர்ப்ரீத் சிங் நார்வே நாட்டுச் சங்கம் ஒன்றுக்காக ஐரோப்பா லீக் போட்டியில் ஆடினார். ஆனால் இவர்கள் எல்லாம் தனித்தனியாக முளைத்த மரங்கள். தங்கராஜிடம் இருந்து இவர்கள் வரை தொடர்ந்து வந்த ஒரு சங்கிலி இல்லை.

இன்றைய நிலை

"பந்து சோறு போடுமா?" என்ற கேள்விக்கு 2025-ம் ஆண்டு கசப்பான பதில் கிடைத்தது. ஐ.எஸ்.எல். என்ற பெரிய லீக் போட்டி வழக்கமான காலத்தில் தொடங்கவில்லை. போட்டியை நடத்தும் ஒப்பந்தத்தில் தகராறு. ஆட்டம் 2026-ம் ஆண்டுக்குத் தள்ளிப்போனது. சென்னையின் எப்.சி. தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. பெங்களூரு எப்.சி. ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. பெரிய சங்கத்தில் ஆடுகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், மலை ஊர்ப் பெற்றோர் தயங்குவதில் என்ன தப்பு?

ஆனால் எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவர்களுக்கு விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. அங்கே தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் உண்டு. சாதனை செய்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ராணுவத்திலும் சிறுவர் விளையாட்டுப் பிரிவுகள் இருக்கின்றன. 2024-ம் ஆண்டு முதல் 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கும் திட்டமும் வந்தது.

இது பையன்களுக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ம் ஆண்டு தேசியக் கோப்பையை வென்றது. இந்தியப் பெண்கள் அணி 2025-ம் ஆண்டு ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026-ம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆண்கள் தவறவிட்டதைப் பெண்கள் பிடித்தார்கள்.

செய்ய வேண்டியது

பந்து கொடுத்தால் போதாது. பந்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். கோல் காப்பது தனித் தொழில். எப்படி விழுவது, எப்போது முன்னேறி வருவது, எப்போது நின்ற இடத்தில் நிற்பது என்பதை அந்த இடத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். மாவட்டத்துக்கு ஒரு பழைய கோல் கீப்பரைச் சம்பளம் கொடுத்து வைக்கலாம். பெரிய செலவு அல்ல. ஓய்வு பெற்றவருக்கும் மரியாதை. வளரும் பிள்ளைக்கும் வழி.

இரண்டாவது, மலை ஊர்களில் ஒரு சமதரை. பெரிய மைதானம் வேண்டாம். இரண்டு கம்பம் நட்டு, பிள்ளைகள் விழுந்து எழ மண் தரை இருந்தால் போதும்.

மூன்றாவது, வேலைக்கு உறுதி. தங்கராஜுக்குப் பட்டாளம் கொடுத்தது புகழ் அல்ல. மாதச் சம்பளம் கொடுத்தது. புகழை அவரே தேடிக்கொண்டார். இன்று ஆட்டக்காரன் ஆகத் துணியும் பிள்ளைக்கும் அந்த உறுதியை அரசும் பெரிய ஆலைகளும் கொடுக்க வேண்டும். காலில் அடிபட்டு ஆட்டம் நின்றாலும் அடுப்பு நிற்காது என்று தாய்க்குத் தெரிய வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பள்ளியை நிறுத்திவிட்டுப் பந்துக்கு அனுப்ப வேண்டாம். விளையாட்டு விடுதியில் சேர்த்தால் படிப்பும் நடக்கும், பயிற்சியும் நடக்கும். பள்ளி ஆசிரியரைக் கேட்டால் எப்போது விண்ணப்பம் போடுவது என்று சொல்வார். கேட்பதற்குக் காசு இல்லை.

நெட்டைப் பையன்கள் எல்லா ஊரிலும் பிறக்கிறார்கள். சாப்பாடும் பயிற்சியும் சம்பளமும் ஒரே இடத்தில் கிடைத்ததால் அவர்களில் ஒருவர் தங்கராஜ் ஆனார்.